மைனர் 1000: சம்ப் கஸ்கெற் இரண்டு தடவை மாற்றியும் ஒயில் ஒழுக்கு நிற்கவில்லை

கொக்குவில் மைனர்

வணக்கம். அப்பாவின் 1959 மொறிஸ் மைனர் 1000 இப்போது என் கையில் இருக்கிறது. 948 சீசீ, வந்த நாளில் இருந்து அதே இஞ்சின். அப்பா போனபின் இரண்டு வருடம் கொட்டிலுக்குள் நின்றுவிட்டது. ஆவணியில் பற்றரி மாற்றி, காபரேற்றர் கழுவி ஸ்ரார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது. ஓட்டமும் நல்லது.

பிரச்சினை ஒயில் ஒழுக்கு. இரவு நிறுத்தினால் காலையில் சீமெந்துத் தரையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. 300 கிலோமீற்றர் ஓடுவதற்குள் அரை லீற்றர் ஊற்றவேண்டி வருகிறது. ரவுணில் ஒரு கராஜில் காட்டினேன். சம்ப் கஸ்கெற், அதாவது இஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியின் மூட்டில் வைக்கும் அடைப்பு, போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். பத்து நாளில் பழையபடி. மறுபடி கழற்றி, இந்தமுறை சுற்றிவர சிலிக்கன் பசையை அப்பிப் பூட்டினார்கள். அதுவும் நிற்கவில்லை. இப்போது பின் ஒயில் சீல் போய்விட்டது, இஞ்சினைத் தூக்கவேண்டும் என்கிறார்கள்.

தூக்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று எழுதுகிறேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மம்மாவையும் இரண்டு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அப்பா சாவகச்சேரிக்குப் போனது இந்தக் காரில்தான். விற்கிற யோசனை இல்லை.

பழைய ஸ்பனர்

தம்பி, இஞ்சினைத் தூக்க விடாதீர். பின் சீல் போய்விட்டது என்று சொன்னவருக்கு இந்த இஞ்சின் பழக்கமில்லை. மைனரில் இருக்கும் இந்த ஏ சீரிஸ் இஞ்சினின் பின் மெயின் பெயாரிங்கில் றப்பர் சீல் என்று ஒன்று இல்லவே இல்லை. கிராங் தண்டின் பின்முனையில் திருகாணி மரைபோல ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது, வெளியே வரப்பார்க்கும் ஒயிலை அந்த மரை திரும்ப உள்ளே தள்ளிவிடும். அதுதான் அங்கே இருக்கிற ஒரே தடுப்பு. இஞ்சின் நின்றால் மரையும் நிற்கும், அதனால் நிறுத்திய பிறகு ஓரிரு சொட்டு விழுவது அந்த இஞ்சினின் பிறவிக்குணம். கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதில் தொங்கும் ஸ்பிளிற் பின்னும் இருக்கும், பாரும். உள்ளே வருகிற ஒயில் கிளச்சுக்குப் போகாமல் வெளியே வடியட்டும் என்றுதான் அந்தத் துளை. பின் எதற்கென்றால், சேறு பிடித்து அடைபடாமல் ஆடி ஆடித் துளையைத் திறந்து வைத்திருக்க. அதை ஒருவரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் உள்ளங்கை அளவு என்பது பிறவிக்குணம் அல்ல, வேறு ஏதோ நடக்கிறது.

ஒயில் கீழே ஓடும், விசிறிக் காற்றில் பின்னாலும் ஓடும். சம்பின் பின்மூலையில் சொட்டுவதைப் பார்த்துச் சம்ப் என்று சொல்பவர்கள் அதிகம். ஊற்று மேலேயும் முன்னேயும் இருக்கும். ஆகவே முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெயும் தூரிகையும் எடுத்து இஞ்சின் முழுக்கத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடும். டிஸ்ரிபியூற்றரை முதலே பொலித்தீனால் மூடிக் கட்டும். நன்றாகக் காய்ந்தபின் குட்டிக்கூரா பவுடரை மூட்டு மூட்டாகத் தூவும். கீரிமலை வரை போய்வந்து, சூட்டோடு ரோர்ச் அடித்துப் பாரும். பவுடர் எங்கே முதலில் நனைந்து கறுத்திருக்கிறதோ அதுதான் இடம்.

இன்னொன்று. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்திப் பாரும். கையைத் தள்ளுகிறதா, புகை வருகிறதா? எழுதும். அதற்குப் பிறகுதான் மற்றக் கதை.

மானிப்பாய் ஏ40

என்னுடைய அனுபவத்தைச் சொல்கிறேன். ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றோடு ஆறு வருடம் போராடினேன். கடைசியில் ஜப்பான் இஞ்சினும் கியர் பொக்ஸும் ஏற்றிவிட்டேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, பெற்றோலும் மிச்சம், கொழும்புக்கும் போய் வருகிறேன். கஸ்கெற் கஸ்கெற்றாகக் காசு போடுவதைவிட ஒரேயடியாக முடித்துவிடலாம். கேட்டால் உதவி செய்ய ஆயத்தம்.

ஹரோ 1098

மானிப்பாய் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது, தினமும் ஓடுகிறவருக்கு அது சரி. ஆனால் இவருடையது பிறந்த இஞ்சினோடேயே இருக்கிற மைனர், பதிவுப் புத்தகத்தில் அந்த இஞ்சின் இலக்கம்தான் இருக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்தவேண்டும். தவிர, ஒழுக்குக்காக ஓடுகிற இஞ்சினை எறிவது எனக்கு மனமில்லாத வேலை.

நான் இங்கே லண்டனில் 1098 சீசீ மைனர் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் மைனருக்குக் கஸ்கெற், சீல் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்முனைக்குக்கூட றப்பர் சீல் பொருத்தும் செற் ஒன்று கிடைக்கிறது. அதற்குப் பிளைவீல் வரை கழற்றவேண்டும், ஆகவே கிளச் மாற்றுகிற நாள் வந்தால் யோசிக்கலாம். அதற்காக மட்டும் பிரிக்கத் தேவையில்லை. மாசியில் ஊருக்கு வருகிறேன். வேண்டியதைச் சொன்னால் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருவேன்.

சுன்னாகம் கிணற்றடி

எனக்கு இஞ்சின் வேலை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒழுக்கு என்றவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2014, 2015இல் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். வாளியை மேலே இழுத்தால் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். யாழ். குடாநாட்டில் குடிக்க எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? வழுக்கையாற்றில் மாரியில் மட்டும்தான் தண்ணீர். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துவாரமுமாக இருக்கும். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும்.

தம்பி, சரிசெய்யும்வரை காருக்குக் கீழே ஒரு தகரத் தட்டில் மரத்தூள் போட்டு வையுங்கள். கழற்றும் பழைய ஒயிலையும் வேலியோரம் ஊற்றவேண்டாம். கறையானுக்கு என்று கப்பில் பூசுகிறவர்கள் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் பூசவேண்டாம். இதை ஒரு வேண்டுகோளாகச் சொல்கிறேன்.

கொக்குவில் மைனர்

தட்டு அன்றே வைத்துவிட்டேன் அண்ணை. நன்றி.

ஸ்பனர் ஐயா சொன்னபடி சனிக்கிழமை கழுவினேன். அறுபது வருட ஊத்தை, கத்தியால் சுரண்டவேண்டியிருந்தது. பவுடர் போட்டுக் கீரிமலை போய்வந்து பார்த்தால் மூன்று இடம் நனைந்திருக்கிறது. மேல்மூடியின் பின்விளிம்பு, மனிபோல்டுக்குக் கீழே இஞ்சினின் பக்கத்தில் இருக்கும் சின்னத் தகரமூடி இரண்டும், முன்னால் கிராங் புலியை (விசிறி பெல்ற் ஓடும் சில்லு) சுற்றி. சம்ப் விளிம்பில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது! இரண்டு தடவை காசு கொடுத்து மாற்றிய இடம்.

ஒயில் மூடியைத் திறந்து கை வைத்தேன். கையை நன்றாகத் தள்ளுகிறது. எடுத்தால் விட்டு விட்டுப் புகை, அடுப்பு ஊதுவதுபோல.

பழைய ஸ்பனர்

அதுதான். உமது கஸ்கெற்றில் பிழை இல்லை, இஞ்சினுக்கு மூச்சு விட வழியில்லை.

பிஸ்ரன் றிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே சம்புக்குள் இறங்கும். அது வெளியே போக இந்த இஞ்சினில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். மேல்மூடியில் இருந்து எயார் கிளீனருக்கு ஒரு றப்பர் குழாய். நீர் சொன்ன பக்கமூடிகளில் ஒன்றில் இருந்து கீழ்நோக்கி இறங்கும் இரும்புக்குழாய் மற்றது. வண்டி ஓடும்போது கீழே போகும் காற்று அந்தக் குழாயில் இருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். இரண்டும் அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, எந்த மூட்டு பலவீனமோ அதன்வழி ஒயிலைத் தள்ளும். அந்த நிலையில் பின்முனை மரையும் தோற்றுப்போகும். நீர் தங்கத்தில் கஸ்கெற் வெட்டிப் போட்டாலும் நிற்காது.

பெயரில் ஒரு குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். நாங்கள் ரப்பெற் கவர் என்று சொல்வது மேலே இருக்கும் மூடியை. உண்மையில் அதற்குள் இருப்பது வால்வை அமுக்கும் றொக்கர். ரப்பெற் இருப்பது பக்கத்தில் உள்ள அந்த இரண்டு சின்ன மூடிகளுக்குப் பின்னால்தான். மனிபோல்ட் மறைப்பதால் அவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மைனரில் பாதி ஒழுக்கு அங்கே இருந்துதான் வரும். கடையில் ரப்பெற் கவர் கஸ்கெற் என்று கேட்டால் மேல்மூடிக்கு உரியதைத்தான் தருவார்கள், பார்த்து வாங்கும்.

அப்பா மண்ணெண்ணெயில் ஓட்டினாரா?

கொக்குவில் மைனர்

ஓம் ஐயா. பெற்றோல் தடைபட்டிருந்த 90இல் இருந்து கன வருடம். பனடோல் சிரப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்பார். அதில் இரண்டு மூடி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் போத்தல் இப்போதும் டாஷ்போட்டுக்குள் கிடக்கிறது.

பழைய ஸ்பனர்

அப்படியென்றால் றிங்கும் தேய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் கராஜில் நான் தினமும் பார்த்தது இது. டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கார்க்காரர் சந்தோஷப்படுவார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய். அது பெற்றோல்போல முழுதாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய்ச் சம்பில் கலந்துவிடும். மேலே சுவர் காய்ந்து தேயும், கீழே ஒயில் தண்ணீராகிப் பெயாரிங் தேயும். நாங்கள் மாதத்துக்கு ஒருதரம் ஒயிலை இறக்கி மாற்றச் சொன்னோம், ஆனால் ஒயில் எங்கே கிடைத்தது? இறக்கியதையே துணியில் வடித்துத் திரும்ப ஊற்றியவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கார்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கொண்டுபோனவை.

சரி, இப்போது செய்யவேண்டியது. முதலில் அந்த மூச்சுக்குழாயைக் கழற்றிப் பாரும். அப்புறம் கொம்பிரெசன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம், சோதித்து நான்கு சிலிண்டருக்கும் எழுதும். குறைந்திருக்கும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி சோதியும். ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. புதுக் கஸ்கெற் ஒன்றும் இப்போதைக்கு வாங்கவேண்டாம்.

கோண்டாவில் சாம்பல் மைனர்

ஐயா சொல்வதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மைனரில் போகிறவள்.

ஒன்று, ஒயில் பில்ரர். கிண்ணத்துக்கு மேலே தலைப்பகுதியில் ஒரு றப்பர் வளையம் பள்ளத்துக்குள் பதிந்திருக்கும். சூட்டில் இறுகிக் கறுத்து, இரும்போடு இரும்பாகத் தெரியும். என்னுடையதில் பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்துப் பூட்டிவிட்டார்கள். அங்கே ஒயில் முழு அமுக்கத்தில் வருகிற இடம், சொட்டாக வராது, பீறிடும். ஒருநாள் சிவப்பு ஒயில் லைற் எரிந்து பார்த்தால் கோண்டாவில் சந்தியில் இருந்து வீடு வரை றோட்டில் கோடு. தொப்பி ஊசியால் நெம்பி எடுத்தபோது மூன்று வளையம் வந்தது.

இரண்டு, தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும் அல்லவா, அதே படிவுதான் றேடியேற்றருக்குள்ளும். இஞ்சின் கூடச் சூடானால் தக்கைக் கஸ்கெற் எல்லாம் பிஸ்கற் மாதிரிக் காய்ந்து வெடிக்கும். நான் மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன்.

கொக்குவில் மைனர்

குழாயைக் கழற்றினேன். பார்க்கவேண்டிய காட்சி. கீழ்வாயில் விரல் நுழையவில்லை, மண். குளவி கூடு கட்டியிருக்கிறது. சைக்கிள் கம்பியால் குத்தினால் காய்ந்த செம்மண் உருண்டை உருண்டையாக விழுந்தது, ஒன்றுக்குள் பழைய கூட்டுப்புழுவின் தோல்கூட இருந்தது. அதற்கு மேலே நான்கு அங்குலத்துக்குத் தார்போன்ற களி. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்துத்தான் வெளிச்சம் தெரிந்தது. மேலே போகும் றப்பர் குழாய் உள்ளே வீங்கி ஒட்டியிருந்தது, புதியது போட்டேன். கொட்டிலில் நின்ற இரண்டு வருடத்தில்தான் குளவி வந்திருக்கவேண்டும்.

குழாயைத் திரும்பப் பூட்டி, வேறு ஒன்றையும் தொடாமல் ஒரு வாரம் ஓடினேன். காலைக் கறுப்பு பாதியாகிவிட்டது. கை வைத்தால் இப்போது தள்ளவில்லை, இலேசாக மூச்சு விடுவதுபோல இருக்கிறது.

கொம்பிரெசன்: 115, 110, 85, 110. மூன்றாவதுக்கு ஒயில் விட்டால் 105.

பழைய ஸ்பனர்

மூன்றாம் சிலிண்டரின் றிங். அது இன்னும் ஓடும், நீலப் புகை அடிக்கத் தொடங்கும் வரை பிரிக்கவேண்டாம்.

இனிக் கஸ்கெற். மேலிருந்து கீழே வாரும். மேல்மூடிக்குத் தக்கைக் கஸ்கெற்றை மூடியின் பக்கத்தில் மட்டும் செலாக் பூசி ஒட்டும், கீழ்ப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், வால்வு செற் பண்ணக் கழற்றும்போது கிழியாது. இரண்டு நட்டின் கீழும் இருக்கும் றப்பர் வளையங்களையும் மாற்றும். இறுக்கம் 4 அடி-இறாத்தல்தான். ஸ்பனரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்குவதுதான் இந்தக் கார்களுக்கு நடக்கும் பெரிய கொடுமை. தகரம் போல்ற்றைச் சுற்றிக் குழிந்து, நடுவில் விளிம்பு தூக்கிக்கொள்ளும். பக்கமூடிகளுக்கு ஆளுக்கு ஒரே ஒரு போல்ற், அவை கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாரும், ஆடினால் மரக்கட்டையில் கவிழ்த்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கும். போல்ற் தலையின் கீழ் இருக்கும் வாசரையும் மறக்கவேண்டாம், அதன்வழியும் வரும்.

பக்கமூடிக்குக் கடையில் கிடைக்காவிட்டால் தக்கைத் தாள் வாங்கி நீரே வெட்டலாம். காகிதக் கஸ்கெற் என்றால் இன்னும் சுகம். தாளை இரும்பின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு வழியே டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு போனால் இரும்பின் விளிம்பே வெட்டிவிடும். நான் பன்னிரண்டு வயதில் கற்ற முதல் வேலை அது.

முன் புலி கவனமான இடம். செயின் கவரில் உமது வருடத்துக்குக் கம்பளி வளையமும் இருக்கலாம், றப்பர் சீலும் இருக்கலாம். கழற்றிப் பார்த்து அதே இனத்தைப் போடும். உள்ளே ஒயிலை எறியும் தட்டு ஒன்று உண்டு. அதை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துவிட்டு எடும். மாறிப் பூட்டினால் புதுச் சீலும் ஒழுகும். கவரைப் பூட்டும்போது முதலில் போல்ற்றைத் தளர்வாக விட்டு, புலியைச் சீலுக்குள் நுழைத்து நடுவுக்கு வரவைத்து, அப்புறம் இறுக்கவேண்டும். புலியின் கழுத்தில் நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் கடைச்சல்காரரிடம் கொடுத்துச் சரிபண்ணும்.

கவர் கழற்றும்போது சம்பின் முன்பக்க போல்ற்றுகளையும் எடுக்கவேண்டி வரும். அப்போது அந்தச் சிலிக்கனைப் பாரும். வெளியே பிதுங்கியிருப்பதுபோலவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். துண்டு கழன்று ஒயில் பம்பின் சல்லடையில் ஒட்டினால் இஞ்சின் போய்விடும். ஆகவே சம்பை முழுக்கக் கழற்றிச் சுரண்டி, முறையான கஸ்கெற்றும் முன், பின் மெயின் பெயாரிங் மூடி இரண்டிலும் வரும் தக்கைக் கீலங்களும் போட்டுப் பூட்டும். அதற்கு இறுக்கம் 6 அடி-இறாத்தல்.

ஒயில் 20டபிள்யூ-50, பில்ரரோடு ஏறத்தாழ 3.7 லீற்றர். மேல்கோட்டுக்கு மேலே ஊற்றவேண்டாம்.

மானிப்பாய் ஏ40

வாசித்துக்கொண்டு வந்தேன். என்னுடைய ஏ40 இஞ்சின் இன்னும் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடக்கிறது. மூச்சுக்குழாயைப் பார்த்ததே இல்லை. இன்று பின்னேரம் பார்க்கப்போகிறேன். கடைச்சல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் தம்பி என்னைக் கேளும், மானிப்பாயில் நல்ல ஒருவர் இருக்கிறார்.

கொக்குவில் மைனர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஹரோ அண்ணை கஸ்கெற் செற்றும் முன் சீலும் தெரிந்தவர் கையில் மாசிக்கு முன்பே அனுப்பிவிட்டார், பணமும் வாங்கவில்லை. சம்பைக் கழற்றினால் ஐயா சொன்னதுதான். சல்லடையில் நீல நிறச் சிலிக்கன் துண்டு இரண்டு, சுண்டுவிரல் நீளம். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. புலியின் கழுத்தில் பள்ளம் இருந்தது, மானிப்பாய் அண்ணை கூட்டிக்கொண்டு போன இடத்தில் கடைந்து வளையம் ஏற்றித் தந்தார்கள். பக்கமூடிக் கஸ்கெற் இரண்டும் நானே வெட்டினேன். முதலாவது கிழிந்தது, இரண்டாவது சரி.

420 கிலோமீற்றர் ஓடியாயிற்று. டிப் ஸ்ரிக்கில் மட்டம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. நேற்று இரவு தட்டை எடுத்துவிட்டு வெள்ளைக் காட்போட் விரித்து வைத்தேன். காலையில் கிளச் கூட்டின் நேர் கீழே இரண்டு பொட்டு, ஐந்து ரூபாக் குற்றி அளவு. வேறு எங்கும் இல்லை. அந்த ஸ்பிளிற் பின்னைத் தொட்டுப் பார்த்தேன், ஆடுகிறது.

சுன்னாகம் அண்ணை, தட்டைத் திரும்ப வைத்துவிட்டேன்.